சோயா இல்லாம கெடேரிக் கன்னு வளக்கலாமா? அது கன்னோட வயசப் பொறுத்தது

உங்க கேள்வி நீளமா இருந்துச்சு, அதனால நான் வெளங்கிக்கிட்டத மொதல்ல சொல்லிர்றேன். பொகவந்தலாவ பக்கம் தோட்டம், லயத்துக்குப் பின்னால பட்டி, ஒரு பால் மாடு, ரெண்டு கெடேரிக் கன்னு, ஒண்ணுக்கு ரெண்டு மாசம் ஒண்ணுக்கு ஏழு மாசம். ஃபீட் பேக் வெல தாங்கல, சோயா வெளிநாட்டுல இருந்து வர்றதாலதான் வெல கூடன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு, அதனால சோயாவ மொத்தமா விட்டுட்டு தண்ணியில மெதந்து வளர்ற அசோலா, கிளிரிசிடியா மரத்து எல, மரக்கறித் தோட்டத்துல கழிக்கிற எல, இதுகள வச்சே ரெண்டையும் வளத்துரலாமான்னு கேக்குறீங்க. கூடவே எள்ளுப் புண்ணாக்கு சூடு, கன்னுக்கு ஆகாதுன்னு அப்பா சொல்றாரு, அது உண்மையான்னும் கேட்டிருக்கீங்க. சுருக்கமா சொன்னா, கன்னு தேஞ்சு போகாம எவ்வளவு செலவ கொறைக்கலாம் அப்படிங்கிறதுதான் கேள்வி. சோயாங்கிறது அதுக்குள்ள ஒரு பகுதிதான்.

நான் கால்நடை வளர்ப்பு படிச்சுட்டு மலைநாட்டுல பால்மாட்டு வேலையிலயே இருக்கிற ஆளு, மிருக வைத்தியர் கெடையாது. தீன் கணக்கு பத்தி தைரியமா பேசுவேன், நோய் மருந்து விஷயத்துல உங்க பகுதி வெட்னரி ஒபிஸ்ல கேட்டுட்டுத்தான் செய்யணும். உங்க கன்னுகள நான் பாக்கவும் இல்ல, அதனால கீழ சொல்ற அளவெல்லாம் ஒரு சாதாரண ஃப்ரீசியன் இல்ல ஜெர்சி கலப்புக் கன்னுக்குன்னு வச்சுக்கோங்க.

நேரா பதில சொல்லிர்றேன். ஏழு மாசக் கெடேரிய சோயா ஒரு கிலோ கூட வாங்காம வளக்கலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ரெண்டு மாசத்துக் கன்ன அப்படி வளக்கப் பாக்காதீங்க. ரெண்டும் கன்னுன்னு நாம சொல்றோமே தவிர வயித்துக்குள்ள ரெண்டும் ரெண்டு சாதி பிராணி மாதிரிதான்.

பொறந்த கன்னுக்கு நாலு வயிறு இருந்தாலும் வேல செய்றது கடைசி வயிறு மட்டும்தான், அதாவது நம்ம வயிறு மாதிரி ஒண்ணு. குடிக்கிற பால் பெரிய வயித்துக்குள்ள போகாம ஒரு வாய்க்கால் வழியா நேரா அங்க போய் தயிர் மாதிரி உறஞ்சு, மெதுவா செரிக்கும். இந்த ஏற்பாடு பால்ல இருக்கிற புரதத்துக்குன்னே அமைஞ்சது. சோயா மாவு, கடலப் பருப்பு, எலச்சாறு, இந்த மாதிரி மரக்கறிப் புரதம் அங்க உறையாது, மொத மூணு கெழமையில சரியா செரிக்கவும் செரிக்காது, கழிச்சல்தான் மிச்சம். அதுலயும் பச்ச சோயாவ அரச்சு பால் எடுத்துக் குடுக்குறது ரொம்ப மோசம், வேக வைக்காத சோயாவுல புரதம் செரிக்கிறத தடுக்கிற ஒரு பொருள் இருக்கு, சில கன்னுக்கு குடல் அலர்ஜியே வரும். தோட்டத்துல பாலப் பூரா சொசைட்டிக்கு ஊத்திட்டு கன்னுக்கு கோதும மாக் கஞ்சி, சீனித்தண்ணி குடுக்குற பழக்கம் இருக்கே, அதுவும் இதே கததான். சின்னக் கன்னுக்கு மாச்சத்த செரிக்கிற சக்தி கொறவு, நாம போடுற சீனிய உடைக்கிற நொதி அதுக்கு கெடையவே கெடையாது, அது அப்படியே கீழ எறங்கி கழிச்சலா வரும். பால் கணக்கு கண்ணுக்குப் பெருசாத் தெரியும், நாளைக்கு 4 லீற்றர்னு 8 கெழமைக்கு 224 லீற்றர் வருது, அத வித்தா எவ்வளவுன்னு மனசு கணக்கு போடும். ஆனா அந்த 8 கெழமையில கன்னுக்கு பாலுக்குப் பதிலா வைக்கிறதுக்கு லாபமான புரதம் எதுவும் இல்ல. சீம்பாலும் அப்படித்தான், பொறந்த ஆறு மணித்தியாலத்துக்குள்ள வயிறு நெறைய போகணும், அதுக்குப் பெறகு குடல் வழியா நோய் எதிர்ப்பு உள்ள போறது வேகமா கொறஞ்சிரும்.

உங்க ரெண்டு மாசக் கன்னு இப்ப பால் மறக்குற கட்டத்துல இருக்கு. இதுதான் அதுக்கு நீங்க காசு செலவழிக்க வேண்டிய நேரம், கொறைக்கிற நேரம் இல்ல. பெரிய வயிறு வளர்றதுக்கு புல்லு போட்டாத்தான் நல்லதுன்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க. புல்லு வயித்த பெருசாக்கும், ஆனா வயித்துச் செவருல சத்த உறிஞ்சுற சின்னச் சின்ன நாக்கு மாதிரி இருக்கிறத வளக்கிறது தானியத்தீன் புளிச்சு வர்ற அமிலம்தான். அதனாலதான் ஒரு கெழமை வயசுல இருந்தே கையளவு கன்னுத்தீன வாயில வச்சுப் பழக்கச் சொல்றது. அந்தத் தீன்ல புரதம் 18 – 20 சதவீதம் இருக்கணும். நீங்களே கலக்குறதா இருந்தா 100 கிலோவுக்கு அரச்ச சோளம் 42, சோயா புண்ணாக்கு 25, தேங்காய்ப் புண்ணாக்கு 20, நல்ல தவுடு 10, மினரல் மிக்சர் 2, உப்பு 1, இப்படிப் போட்டா கிட்டத்தட்ட 20 சதவீதம் வரும். மூணு மாசம் தாண்டின பெறகு சோயாவ 17க்கு எறக்கி, தேங்காய்ப் புண்ணாக்க 25க்கும் தவுட்ட 15க்கும் ஏத்தி, சோளத்த 40ல விட்டா 18க்குக் கிட்ட நிக்கும், அது ஆறு மாசம் வரைக்கும் போதும். ஒரு கன்னுக்கு இந்த வயசுல போற சோயா மொத்தமாவே கொஞ்சம்தான்ங்க, நாளைக்கு ஒரு கிலோ தீன் தின்னா அதுல சோயா கால் கிலோ. அதுல மிச்சம் புடிக்கப் போய் கன்ன கெடுக்குறதுல அர்த்தமில்ல. தீன காஞ்சபடியே வைங்க, தண்ணிய வேற வாளியில வைங்க, புண்ணாக்க கரைச்சு ஊத்துறது பெரிய மாட்டுக்கு பரவாயில்ல, கன்னுக்கு வேணாம், வாளியில அடியில தங்குறது புளிச்சுப் போயிரும். பால நிப்பாட்டுறதுக்கு வயசப் பாக்காதீங்க, தொடர்ச்சியா மூணு நாள் முக்கால் கிலோவுக்கு மேல காஞ்ச தீன் திங்குதான்னு பாருங்க, தின்னா நிப்பாட்டலாம், திங்கலன்னா இன்னும் ரெண்டு கெழமை பால் குடுங்க.

இப்ப மாத்துத் தீன் விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் பண்ற ஒரு வேல, இதுல புரதம் இத்தன சதவீதம்னு ஒரு எண்ணத் தூக்கிட்டு வந்து சோயாவோட பக்கத்துல வைக்கிறது. அசோலாவுல 25 சதவீதம் புரதம்னு வீடியோவுல சொல்றாங்க, பொய் இல்ல, ஆனா அது காய வச்ச அசோலாவுல. பச்ச அசோலாவுல நூத்துக்கு 93, 94 தண்ணிதான். ஒரு கிலோ பச்ச அசோலாவ காய வச்சா 60, 70 கிராம், அதுல புரதம் 13, 15 கிராம். நீங்க ரெண்டு கிலோ அள்ளிப் போட்டாலும் அது அறுபது கிராம் சோயாவுக்குத்தான் சமம், ஒரு கைப்பிடிதான். அந்த ரெண்டு கிலோவ தெனமும் எடுக்கணும்னா ஒரு சதுர மீட்டர்ல நாளைக்கு 200 கிராம்னு வச்சு 10 சதுர மீட்டர் தொட்டி வேணும், அதுக்கு சாணி, தண்ணி, பொஸ்பேட் உரம், நெழல், அப்புறம் மழை வந்தா வழிஞ்சு போகாம ஒரு மூடி. மே மாசம் தொடக்கம் உங்க பக்கம் அடிக்கிற மழையில அத காப்பாத்துறதே ஒரு ஆளு வேல. கோழிக்குக் கொஞ்சம், ஆட்டுக்குக் கொஞ்சம்னா ஆசைக்கு வளங்க. கெடேரிக்கு சோயாவுக்குப் பதிலா அசோலான்னு நெனச்சு சீமெந்து வாங்காதீங்க.

நான் பாக்குற கணக்கு இதுதான், ஒரு கிலோ புரதம் கையில வர்றதுக்கு அந்தச் சாமான்ல எத்தன கிலோ வேணும். சோயா புண்ணாக்குன்னா 2.2 கிலோ. எள்ளுப் புண்ணாக்கு 2.5 கிலோ. தேங்காய்ப் புண்ணாக்கு 5 கிலோ. கலப்படமில்லாத தவுடு 8 கிலோ. பச்சக் கிளிரிசிடியா எல 20 கிலோ. பச்ச அசோலா கிட்டத்தட்ட 70 கிலோ. இந்த எண்ண உங்க கடை வெலையோட பெருக்கிப் பாருங்க, எலைக்கு வெல இல்லன்னா வெட்டிச் சொமக்குற நேரத்துக்கு ஒரு வெல போடுங்க. சோயா கிலோ வெல தேங்காய்ப் புண்ணாக்கோட வெலைய விட ரெண்டு மடங்குக்குக் கீழ இருந்தா, ரெண்டு புண்ணாக்குல சோயாதான் மலிவான புரதம், என்ன பேசினாலும். 2022ல டொலர் இல்லாம சோளமும் சோயாவும் வராம நின்னப்ப இந்தக் கணக்கு தலகீழா இருந்துச்சு, அதனால ஒரு தடவ போட்டுட்டு விட்றாம வெல மாற மாற போட்டுப் பாக்கணும்.

கணக்குல மலிவா நிக்கிறது எலதான். ஆனா கிளிரிசிடியான்னு நீங்க எழுதினதப் பாத்தப்ப எனக்கு ஒரு சந்தேகம். மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கம் மிளகுக் கொடி ஏத்துற மரமா, வேலி மரமா எங்க பாத்தாலும் நிக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். உங்க பொகவந்தலாவ நாலாயிரம் அடிக்கு மேல, அந்தக் குளிர்ல கிளிரிசிடியா நட்டா சாகாட்டியும் எல வர்றதுக்கு மாசக்கணக்கா காத்துக் கெடக்கணும். அந்த வேலைய உங்க தேயில மலையில ஏற்கனவே நிக்கிற டடாப் மரம் செய்யும். எலையில காஞ்ச எடைக்கு 20 சதவீதத்துக்கு மேல புரதம், மாடு ஆடு மொசல் எல்லாம் திங்கும். ஆனா அது தோட்டத்து நெழல் மரம், கேக்காம கவ்வாத்து போடாதீங்க, எப்படியும் தோட்டமே அத வெட்டி மண்ணுக்குப் போடுற காலம் இருக்கு, அப்பக் கணக்குப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அள்ளிக்கலாம். மருந்து அடிச்ச மலையா இருந்தா எலையும் வேணாம், புல்லும் வேணாம், கெழமைக்கணக்கா விடணும்.

கிளிரிசிடியா கெடைக்கிற எடத்துல இருந்து இத படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். அந்த எலைக்கு ஒரு வாசம் இருக்கு, மொத நாள் மாடு மோந்துட்டுத் திரும்பிக்கும், உடனே எங்க மாடு திங்காதுன்னு முடிவு பண்ணிருவாங்க. காலையில வெட்டி பின்னேரம் வரைக்கும் வாட விட்டு, புல்லோட கலந்து, கொஞ்சம் உப்புத்தண்ணி தெளிச்சு ஒரு கெழமை, பத்து நாள் பொறுமையாப் பழக்கினா அப்புறம் அதுவே தேடும். வாடலாம், பூஞ்சணம் புடிக்கக் கூடாது. அந்த வாசத்துக்குக் காரணமான பொருள் பூஞ்சணம் புடிச்சா ரத்தம் உறையுறத தடுக்கிற விஷமா மாறும், குவிச்சு வச்சு கருத்துப் போன எலைய கன்னுக்குப் போடாதீங்க.

உங்க உயரத்துக்கு நான் நடச் சொல்றது ரெண்டு. ஒண்ணு மல்பெரி, குச்சிய வெட்டி ஊனினாலே வரும், எல மெதுவு, 18ல இருந்து 25 சதவீதம் புரதம், நூத்துக்கு எழுபது எண்பது செரிச்சிரும், தடுப்புப் பொருள்னு பெருசா ஒண்ணும் இல்ல, இளங்கன்னுக்குக் கூட நாலு மாசத்துல இருந்து பயமில்லாம குடுக்கலாம். ஆனா அது தின்னிப் பயிர், சாணி உரம் போடாம வெட்டிக்கிட்டே இருந்தா ரெண்டு வருஷத்துல நோஞ்சான் ஆயிரும். மத்தது கலியாண்ட்ரா, செவப்புப் பூ பூக்குமே, சில தோட்டத்துல ஓரத்துல பசளைக்குன்னு நட்டது இன்னும் நிக்குது. கென்யா மலைநாட்டுல சின்னப் பால் பண்ணைக்காரங்க இத வச்சே ஃபீட் செலவ கொறச்சாங்க, அங்க ஆராய்ஞ்சு சொன்ன கணக்கு மூணு கிலோ பச்ச எல ஒரு கிலோ பால்மாட்டுத் தீனுக்கு ஈடு. இதுல டேனின்ங்கிற துவர்ப்புப் பொருள் கூட, அதனால கிளிரிசிடியாவுக்கு நேர் எதிர், வாட விடாம பச்சையா வெட்டின கையோட போடணும், வாடினா செரிக்கிறது கொறஞ்சிரும். ஆறு மாசத்துக்குக் கீழ கலியாண்ட்ரா வேணாம்னுதான் நான் சொல்வேன், ஆறுக்கு மேல தீன்ல மூணுல ஒரு பங்குக்கு மேலயும் வேணாம். இபில் இபில் மரம் உங்க மண்ணுக்கு சரிவராது, புளிப்பு மண்ணுல அது நிக்காது, கூடத் தின்னா முடி வேற கொட்டும். நுவரெலியா, அம்பேவெல உயரத்துல இருக்கிறவங்களுக்கு இந்த மரமெல்லாம் தேவையே இல்ல, கிக்கியூ புல்லோட வெள்ளக் குளோவர் நல்லா வரும், அதுவே புரதம், ஆனா காலையில பனியோட வெறும் வயித்துல மேய விட்டா வயிறு ஊதும்.

இப்ப உங்க ஏழு மாசக் கெடேரிக்கு ஒரு நாள் தீன எழுதிக் காட்டுறேன், 125, 130 கிலோ இருக்கும்னு வச்சுக்கிட்டு. பச்ச சி.ஓ. 3 புல்லு 8 கிலோ, டடாப் இல்ல மல்பெரி எல 4 கிலோ, கலந்த தீன் 1 கிலோ. அந்தத் தீன்ல சோயா இல்ல, தேங்காய்ப் புண்ணாக்கு 40, தவுடு 37, சோளம் 20, மினரலும் உப்பும் 3, இதுல புரதம் 14 சதவீதம். கூட்டிப் பாத்தா எலையில கிட்டத்தட்ட 200 கிராம், புல்லுல 130, தீன்ல 140, மொத்தம் 470 கிராம் புரதம், காஞ்ச எடைக்கு 14 சதவீதத்துக்கு மேல. இந்த வயசுக்கு அது சரியான அளவு. எல மொத்த காஞ்ச தீன்ல முப்பது சதவீதத்துக்குள்ள நிக்குது, அதுக்கு மேல ஏத்த வேணாம்.

ஆனா இந்தக் கணக்கு பூராவும் ஒரு இடத்துல தங்கி நிக்குது, அது புல்லு. 130 கிராம்னு நான் போட்டது 40, 45 நாள்ல வெட்டின புல்லுக்கு. ஆளுயரத்துக்கு வளந்து தண்டு கட்டின சி.ஓ. 3ய வெட்டிப் போட்டா புரதம் 6 சதவீதத்துக்கு எறங்கிரும், அத விடப் பெரிய பிரச்சினை கெடேரி அத கொஞ்சமாத்தான் திங்கும். மலைச் சரிவுல வெட்டுற மானாப் புல்லு இன்னும் மோசம், அது மண்ணத் திருத்துறதுக்கு நட்டது, மாட்டுக்கு நட்டது இல்ல. நான் போற பட்டியில பாதிக்கு மேல புரதம் கொறவில்லங்க, சக்திதான் கொறவு. பெரிய வயித்துல இருக்கிற நுண்ணுயிர்தான் எலையில இருக்கிற புரதத்த ஒடச்சு தன் உடம்பாக்குது, அதத்தான் மாடு செரிக்குது. அந்த நுண்ணுயிருக்கு சக்தி வேணும், சோளமோ தவுடோ மொலாசஸோ நல்ல இளம் புல்லோ ஏதாவது ஒண்ணு. அது இல்லாம எலைய மட்டும் அள்ளிப் போட்டா ஒடஞ்ச புரதம் அமோனியாவாகி ஈரலுக்குப் போய் மூத்திரத்துல வெளிய போயிரும். பட்டிக்குள்ள நொழஞ்ச உடனே மூக்க அடிக்கிற மூத்திர நாத்தம் இருந்தா, சுத்தம் பண்ணாதது ஒரு காரணம், இது இன்னொரு காரணமா இருக்கலாம். கெடேரிய பாத்தும் ஓரளவு சொல்லலாம், உயரம் வராம குட்டையா சதை போட்டிருந்தா புரதம் கொறவு, உயரம் வந்து எலும்பு தெரிஞ்சா சக்தி கொறவு. வயிறு மட்டும் தொங்கி முடி சொரசொரன்னு நின்னா தீன மாத்துறதுக்கு முன்னால பூச்சி மருந்து குடுத்தாச்சான்னு பாருங்க.

மரக்கறித் தோட்டத்துக் கழிவு பத்தி. கோவா எல, கரட் எல, நோக்கோல் எல, ராபு எல, இதுல புரதம் இருக்கு, மாடு ஆசையாத் திங்கும், ஆனா நூத்துக்கு தொண்ணூறு தண்ணி, அதனால வயிறு ரொம்பிரும் சத்து ரொம்பாது. கோவா சாதி எலைய நாள் கணக்கா மட்டும் போட்டுக்கிட்டே இருந்தா ரத்தச் சிவப்பணு ஒடஞ்சு சோகை வரும், கெடேரிக்கு நாளைக்கு ரெண்டு மூணு கிலோவோட நிப்பாட்டிக்கோங்க. பீட் எலையும் கொஞ்சமாத்தான். உருளக்கிழங்கு பச்சையா மாறினதும் முளை விட்டதும் அதோட கொடியும் விஷம். முக்கியமா லீக்ஸ், உங்க பக்கம் மலை மலையா வீணாப் போற நேரம் இருக்கும், வெங்காயச் சாதி எல்லாமே மாட்டுக்கு ரத்தத்த ஒடைக்கும், மாடுதான் இதுக்கு ஆட்ட விட சீக்கிரம் விழும், மூத்திரம் தேத்தண்ணி நெறத்துல போனா வெட்னரிய கூப்புடுங்க. இதெல்லாத்துக்கும் மேல பூச்சி மருந்து. மார்க்கட்டுக்கு ஒதுக்கின எலையில எப்ப கடைசியா அடிச்சாங்கன்னு தோட்டக்காரர்கிட்டயே கேட்டு எடுங்க, பதில் சொல்ல யோசிச்சாரா எடுக்காதீங்க.

மத்ததுகள வேகமா சொல்லிர்றேன். பியர் கொம்பனியில இருந்து வர்ற மோல்ட் சக்க நல்ல சாமான், காஞ்ச எடைக்கு 20 சதவீதத்துக்கு மேல புரதம், அதுல நெறய பெரிய வயித்துல ஒடையாம தாண்டிப் போறது கெடேரிக்கு ரொம்ப நல்லது. ஆனா முக்கால்வாசி தண்ணி, பியகமையில இருந்து உங்க மலைக்கு ஏத்துற லொறிக்கூலி தண்ணிக்குத்தான் போகும், பத்துப் பட்டி சேந்து எடுத்தா யோசிக்கலாம், ரெண்டு மூணு நாளுக்கு மேல வச்சா பீப்பாவுல காத்துப் போகாம அமுக்கி மூடணும். தேயிலக் கழிவுல புரதம் 20க்கு மேலன்னு ஒரு பேச்சு இருக்கு, இருக்குதான், ஆனா டேனின் அத இறுக்கிப் புடிச்சிருக்கு, கன்னுக்கு அது தீனே இல்ல. கோழிக்கூட்டுக் கழிவு வேணவே வேணாம், செத்த கோழி ஒண்ணு உள்ள கெடந்தாலே போட்யூலிசம்னு ஒரு விஷம், பட்டியே போயிரும். எலும்புத் தூள், எறச்சித் தூள் எதுவும் மாட்டுக்குப் போடக்கூடாது, பிரிட்டன்ல 1986ல கண்டுபுடிச்ச பைத்திய மாட்டு நோய் பரவினது அந்தத் தீன்லதான். இப்ப புதுசா பேசுற கறுப்பு ஈப் புழுவும் கோழிக்கு, மீனுக்கு நல்லது, ஐரோப்பாவுல கூட பன்னிக்கும் கோழிக்கும் 2021ல விட்டாங்க, மாட்டுக்கு இன்னும் விடல. கருவாட்டுத் தூள்ல உப்பும் மண்ணும் எவ்வளவுன்னு வாங்குறவருக்குத் தெரியாது.

யூரியா பத்தி தனியா ஒரு வார்த்த, ஏன்னா தோட்டத்துல அது கைக்கெட்டுற சாமான், யாராவது யோசன சொல்லுவாங்க. ஆறு மாசத்துக்குக் கீழ ஒரு சிட்டிக கூட வேணாம். அதுக்கு மேல வளந்த மாட்டுக்கு முறையா செஞ்ச யூரியா மொலாசஸ் கட்டி நக்கக் குடுக்கலாம், மொத்த காஞ்ச தீன்ல ஒரு சதவீதம்தான் எல்ல. கையால அள்ளிக் கலக்குற வேல வேணாம், கட்டி கட்டியா ஒரே எடத்துல நின்னா அர மணித்தியாலத்துல மாடு துடிச்சு விழுந்துரும். பச்ச சோயாவையும் யூரியாவையும் ஒண்ணாக் கலக்கவே கூடாது, சோயாவுல இருக்கிற நொதி யூரியாவ சாக்குலயே அமோனியாவாக்கிரும். உர பேக்க பட்டியில வைக்காதீங்க, சின்னக் கன்னு நக்கும்.

தேங்காய்ப் புண்ணாக்குலதான் நம்ம ஊர்ல அதிகமா நம்பி இருக்கோம், அதனால அது பத்தி ஒரு பயம். உங்க பக்கம் பனியும் மழையும், சாக்க சீமெந்துத் தரையில வச்சா பத்து நாள்ல அடியில கட்டி புடிக்கும். அந்தக் கட்டியில வர்ற பூஞ்சண விஷம் சூடாக்கினாலும் போகாது, வெயில்ல காய வச்சாலும் போகாது, பெரிய மாட்ட விட கன்னு சீக்கிரம் ஈரல் கெட்டுப் போகும், பால் மாட்டுக்குப் போட்டா பால்லயே வரும். பலகை போட்டு செவத்த விட்டுத் தள்ளி வைங்க, ரெண்டு கெழமைக்கு மேல வாங்கிச் சேக்காதீங்க, கட்டிய தட்டிப் போட்டுட்டு மிச்சத்தக் குடுக்கலாம்னு நெனைக்காதீங்க, குப்பையில போடுங்க. தவுடு வாங்குறப்ப ஒரு பிடிய தண்ணியில போட்டுப் பாருங்க, உமி மேல மெதக்கும், நெறய மெதந்தா நீங்க புரதத்துக்குக் காசு குடுக்கல, உமிக்குக் குடுக்குறீங்க. நான் மேல சொன்ன சதவீதமெல்லாம் நல்ல சாமானுக்கு. எலையில புரதம் வெட்டுற வயசுக்கும் மண்ணுக்கும் ஏத்த மாதிரி அஞ்சு ஆறு புள்ளி மேல கீழ போகும், அந்த 200 கிராம்ங்கிறது 150 ஆவும் இருக்கலாம்.

அதனாலதான் கடைசியா நம்ப வேண்டியது சதவீதத்த இல்ல, கெடேரி வளருதாங்கிறத. தராசு வேணாம், தையல்காரர் வச்சிருக்கிற இஞ்சி டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்ச சுத்தி அளங்க, தோள்முனையில இருந்து பின்பக்க எலும்பு வரைக்கும் நீளத்த அளங்க, சுத்தளவ அதாலயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வரும். சுத்தளவு 45 இஞ்சி, நீளம் 42 இஞ்சின்னா 129 கிலோ. மாசத்துக்கு ஒருக்கா ஒரே நேரத்துல அளந்து செவத்துல எழுதி வைங்க. மாசம் 15 கிலோ ஏறினா நாளைக்கு அர கிலோ, நல்ல வளர்ச்சி. 30 கிலோவுல பொறந்தது அந்த வேகத்துல வளந்தா 16 மாசத்துல 270 கிலோவுக்கு வந்து சினை ஊசி போடலாம். நாளைக்கு கால் கிலோன்னா அதே எடைக்கு 32 மாசம், பதினாறு மாசம் சும்மா புல்லு வெட்டிப் போடணும். நீங்க ஃபீட்ல மிச்சம் புடிச்ச காசு அந்தப் பதினாறு மாசத்துப் புல்லுக்கட்டுக்குக் காணுமான்னு அப்பாவும் நீங்களும் ஒக்காந்து பாருங்க. சோயாவ நிப்பாட்டி எலைக்கு மாத்தின பெறகு ரெண்டு மாசம் தொடர்ந்து 10 கிலோவுக்குக் கீழ ஏறினா, நான் எழுதினது உங்க பட்டிக்கு சரிவரலன்னு அர்த்தம், கலந்த தீன்ல அர கிலோ ஏத்துங்க.

அப்பா சொன்ன எள்ளுப் புண்ணாக்கு. யாழ்ப்பாணம், வவுனியா பக்கத்து எண்ணெய் ஆலையில இருந்து வர்றது நல்ல சாமான், 40 சதவீதம் வரைக்கும் புரதம், சோயாவுல கொறவா இருக்கிற மெதியோனின்ங்கிற புரதக் கூறு இதுல நெறய, இதுல கொறவா இருக்கிற லைசின்ங்கிற கூறு சோயாவுல நெறய, அதனால ரெண்டும் பாதி பாதி போட்டா தனித்தனியா போடுறத விட நல்லது. சூடுங்கிறதுக்கு தீன் கணக்குல ஒரு எடமும் இல்ல, ஆனா அப்பா எதப் பாத்து அப்படிச் சொல்றாருன்னு எனக்கு வெளங்குது, செக்குல ஆட்டினதுல எண்ணெய் மிச்சம் கூட, பழசானா காறிப் போயிரும், திடீர்னு அள்ளிப் போட்டா கன்னுக்கு எளக்கம் வரும். அதனால உங்க ரெண்டு மாசக் கன்னுக்கு இப்ப வேணாம். நாலு மாசத்துல ஆரம்பிச்சு, கலந்த தீன்ல 100 கிலோவுக்கு 5 கிலோ போட்டு, ஒரு கெழமை சாணியப் பாத்துட்டு 10 கிலோ வரைக்கும் ஏத்துங்க, ஏத்துற அளவுக்கு சோயாவ கொறைங்க. ஏழு மாசத்துக்கு நாளைக்கே ஆரம்பிக்கலாம், வாங்குறப்ப மோந்து பாத்து பழைய எண்ணெய் நாத்தம் இல்லாததா வாங்குங்க.